இடது கால், நாலாம் நம்பர்

முப்பத்தோரு வருஷம் நகரத்தின் பெரிய கடையில் லிஃப்ட் ஓட்டியவருக்குத் தெரியாத கடை உண்டா? உறவில் யாருக்கு எது வாங்க வேண்டுமென்றாலும் லிஃப்ட்டுக்காரரைத்தான் கேட்பார்கள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு, "முதல் மாடி துணிமணி, ரெண்டாம் மாடி பாத்திரம் பண்டம், மூணாம் மாடி பாதணிகள்" என்று ஒப்பிக்கத் தொடங்குவார். கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவர் மனைவி மட்டும் அடுப்படியிலிருந்து, "ஆறாம் மாடிக்கு மேல ஆகாசம். அதையும் சொல்லி முடிங்க" என்பாள்.

அன்று காலை கேட்டவர் சாதாரண ஆளில்லை. மகளின் மாமியார். சின்ன ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. வீட்டில் எல்லோருக்கும் அவர் டீச்சரம்மா. முன்னறிவிப்பு இல்லாமல் முதல் பஸ் பிடித்து வந்து, காபியைக் கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா என்று மனைவி பதறிப்போய்க் கேட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. அவ நல்லா இருக்கா. இது என் விஷயம். என் பையனுக்கே தெரியாது" என்ற டீச்சரம்மா, இரண்டு ஷூவையும் கழற்றிக் காலை முன்னால் நீட்டினார்.

வலது கால் எல்லோருக்கும் இருப்பது போல இருந்தது. இடது கால் பத்து வயதுப் பிள்ளையின் கால் மாதிரி.

"சின்ன வயசுல வந்த காய்ச்சல். இது ஏழு நம்பர், அது நாலு. ரெண்டுக்கும் ஏழே வாங்கி, இடதுல துணியை அடைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டிட்டேன். போன மாசம் பிரேயர்ல மேடைப் படி ஏறும்போது கழண்டு கீழ விழுந்துடுச்சு. அறுநூறு பசங்க. ஒருத்தன் கூடச் சிரிக்கல அண்ணா. அதுதான் எனக்குத் தாங்கல."

லிஃப்ட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

"நாளைக்கு எனக்கு வழியனுப்பு விழா. அதே மேடை. அஞ்சு படி. காலோட ஒட்டி நிக்கிற மாதிரி ரெண்டு ஷூ வேணும். எங்க ஊர்ல கேட்டா ஊருக்கே தெரிஞ்சுடும். சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸை விட்டா நாளைக்கு நான் போய்ச் சேர முடியாது."

"இதுக்கா இவ்வளவு கவலை? மூணாம் மாடி!" என்று லிஃப்ட்டுக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

மனைவி அவரை அடுப்படிக்கு இழுத்துப் போனாள். "ஏங்க, பொண்ணோட மாமியார். வாயை விட்டுட்டு நடுரோட்டுல நிக்க வெச்சுடாதீங்க."

"முப்பத்தோரு வருஷம்டி."

"அந்த முப்பத்தோரு வருஷமும் எனக்கு ஒரு செருப்பு வாங்கிட்டு வந்ததில்ல. அதனாலதான் பயமா இருக்கு."

வேலையை விட்டு வந்த ஒன்பது வருஷத்தில் அவர் அந்தக் கடைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. கடையோ அதற்குள் தன்னை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தது. வாசலில் தள்ளுகிற கதவு இல்லை. ஆள் வந்தால் தானே விலகியது. லிஃப்ட் இருந்த இடத்தில் வாசனைத் திரவியம் விற்றார்கள். இப்போதைய லிஃப்ட் முழுக்கக் கண்ணாடி. நடுக்கூடத்தில், மீன் தொட்டி மாதிரி மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"மூணு" என்று சொல்லி அவரே பொத்தானை அழுத்தினார். கதவு திறந்தது. எதிரே வரிசையாகக் குழந்தைத் தள்ளுவண்டிகள்.

"பாதணியா இது?" என்றாள் மனைவி.

"இதுல தரையையே ஒண்ணுன்னு எண்ணியிருக்கான். அப்ப இது ரெண்டு."

"ரெண்டுன்னா பாத்திரம் பண்டம்னு சொன்னீங்க?"

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். நேராக ஒரு தூண் இருக்க வேண்டும். தூணில் ஒரு கண்ணாடி. அதன் முன் ஒரு பெஞ்சு. அவருக்குத் தெரிந்த மூன்றாம் மாடி அவ்வளவுதான், ஒரு கதவு அகலம். லிஃப்ட்டை விட்டு இறங்கக் கூடாதென்பது அந்தக் கால விதி. சாப்பாடு நிலவறையில். தூணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. இது வரைக்கும் அதை ஒரு குறையாக நினைத்ததும் இல்லை.

தள்ளுவண்டி விற்ற பெண், "லேடீஸ் ஷூவா? அஞ்சுல" என்றாள்.

ஐந்தில் கதவு திறந்ததும், "பார்த்து, காலடி பார்த்து" என்று அவர் ஒதுங்கி நின்று வழிவிட்டார். டீச்சரம்மா இறங்கினார், மனைவி இறங்கினாள். நான்கைந்து பேர் ஏறினார்கள். பொத்தான் பலகையை மறைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்காரர் நின்றதால் அவர்கள் அவரிடமே சொன்னார்கள்.

"எட்டு."

"எனக்கு ஆறு."

அவர் ஆறை அழுத்தினார். எட்டை அழுத்தினார். கதவு மூடியது. ஆறில் ஒரு கிழவர், "ரெண்டுங்க" என்றார். "மேல போய்ட்டு வரும், பரவாயில்லையா?" என்று இவர் கேட்டார். "பரவாயில்ல" என்றார் கிழவர். எட்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினாள். ரெண்டில் கிழவர் நன்றி சொல்லி இறங்கினார். எல்லாம் அதனதன் ஒழுங்கில் நடந்தது. எத்தனை தடவை ஏறினார், எத்தனை தடவை இறங்கினார் என்பது அவருக்கே தெரியாது. கண்ணாடிக்கு வெளியே மட்டும் மாடிகள் தலைகால் புரியாமல் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டிருந்தன.

நான்காம் மாடியில் வாளியும் துடைப்பமுமாக ஒரு அம்மாள் ஏறினாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க இன்னும் ரிட்டயர் ஆகலையா?"

தூசு தட்டும் அம்மாள்! அந்தக் காலத்தில் நிலவறையில் எதிரெதிர் உட்கார்ந்து சாப்பிட்டவள்.

"நான் போய் ஒன்பது வருஷம் ஆச்சே."

"பின்ன இங்க என்ன பண்றீங்க?"

லிஃப்ட்டுக்காரர் பொத்தானின் மேல் இருந்த தன் விரலைப் பார்த்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு விஷயத்தை அவளிடம் சொன்னார்: வலது ஏழு, இடது நாலு, அஞ்சு மணி பஸ்.

"நாலெல்லாம் இங்க கிடைக்காது. பெரியவங்களுக்கு அஞ்சுலதான் ஆரம்பமே" என்றவள், கொஞ்சம் யோசித்து, "ஆனா இடதுதானே? இடதுன்னா வழி இருக்கு. ரேக்குல பார்வைக்கு வெக்கிறாங்களே, அதெல்லாம் கம்பெனிக்காரன் மாதிரிக்கு அனுப்பறது. ஒத்தைக் கால்தான் வரும். இடது, நாலாம் நம்பர். யாரும் தூக்கிட்டுப் போயிடக் கூடாதில்ல? ரேக்குல இருக்கறதை விக்க மாட்டாங்க. பழசானா மூட்டை கட்டி செவ்வாய்க்கிழமை கீழ அனுப்புவாங்க. அந்த மூட்டையை நீங்கதானே இறக்கினீங்க?"

"இறக்கினேன். அதுக்குள்ள செருப்பா இருந்துச்சு?"

"இத்தனை வருஷத்துல கேட்டதே இல்லையா?"

"எந்த மாடின்னு மட்டும்தான் கேப்பேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "பழைய சந்தையில, குடைக்காரங்க சந்துக்குப் பின்னாடி. ஒத்தைக்காரர்னு கேளுங்க. அங்கதான் எல்லாம் போய்ச் சேருது. இப்ப இறங்குங்க, இது அஞ்சு."

ஐந்தாம் மாடியில் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"கண்ணாடி லிஃப்ட்டுங்க அது. நீங்க எங்க முன்னாடியே மேல போறீங்க, கீழ போறீங்க. நான் கையைக் காட்டறேன், நீங்க எனக்கும் வணக்கம் வெச்சுட்டுப் போறீங்க!"

"கூட்டமா இருந்துச்சு."

"டீச்சரம்மா கேக்கறாங்க, அண்ணனுக்கு மறுபடி வேலை குடுத்துட்டாங்களான்னு."

டீச்சரம்மா ஒரு வட்டமான இருக்கையில் உட்கார்ந்திருந்தார். வலது காலில் ஏழாம் நம்பர் கறுப்பு ஷூ, அளவெடுத்தது போல. இடது காலில் குழந்தைகள் பிரிவிலிருந்து கொண்டுவந்த ஒன்று. அழுத்தினால் குதிகாலில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. விற்கிற பெண் முழங்காலிட்டு, "நாலு நம்பர்ல இதுதாம்மா இருக்கு. விளக்கு ஒரு மாசத்துல தானா நின்னுடும்" என்று தைரியம் சொன்னாள்.

"எனக்கு நாளைக்கே நிக்கணுமே" என்றார் டீச்சரம்மா. சிரிக்கத்தான் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

லிஃப்ட்டுக்காரர் அவர் முன்னால் போய் நின்றார். "அந்தக் கறுப்பை எடுத்துக்குங்க டீச்சரம்மா. அதோட இடது, நாலாம் நம்பர், வேற இடத்துல இருக்கு."

"எங்க?"

"சந்தையில."

"நீங்க பார்த்தீங்களா?"

"மூட்டையைப் பார்த்திருக்கேன்."

மனைவி கண்ணாலேயே அவரை எரித்தாள். விற்கிற பெண், "இந்த மாடல் பத்து வருஷமா மாறாம வருது. பழசுலயும் இதே அச்சுதான் இருக்கும்" என்று குறுக்கே சொல்லிவைத்தாள்.

டீச்சரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அங்க கிடைக்கலன்னா, இது மறுபடி துணி அடைச்ச கதைதான் அண்ணா."

"கிடைக்கும்" என்றார் லிஃப்ட்டுக்காரர். சொன்ன பிறகுதான், தான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது.

சந்தையில் மாடி இல்லை. அதுதான் அவரைக் கவிழ்த்தது. மேலே, கீழே என்றால் அவருக்குப் புரியும். இங்கே எல்லாம் ஒரே தளத்தில் கிடந்தது. ஒரு சந்து இரண்டாகப் பிரிந்து, இரண்டும் ஒரு பக்கெட் கடையில் போய்ச் சேர்ந்தன.

"குடைக்காரங்க சந்து எதுங்க?" என்று பக்கெட்காரரிடம் கேட்டார்.

"நீங்க நிக்கறதுதான்."

"குடையே காணோமே?"

"குடைக்காரங்க பூட்டுக்காரங்க சந்துக்குப் போய்ட்டாங்க."

"அப்ப அதுக்குப் பின்னாடி போகணுமா, இதுக்குப் பின்னாடி போகணுமா?"

"நீங்க என்ன வாங்கணும்? குடையா?"

"குடை இல்லங்க. ஒத்தைக்காரர்."

"அதை யாரு விக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று பக்கெட்காரர் கதையை முடித்துக்கொண்டார்.

பூட்டுக்காரர்கள் சந்தில் குடை விற்றார்கள். குடைக்காரர், வந்த வழியே திரும்பி இடது என்றார். அவருடைய தம்பி, இடது இல்லை வலது என்றான். அண்ணன் தம்பி இருவரும் அதை வைத்து வேறு ஏதோ பழைய சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். மூவரும் நழுவி நடந்தார்கள். ஒரு முகக்கண்ணாடிக் கடை வந்தது. நிறையக் கண்ணாடிகளில் நிறைய லிஃப்ட்டுக்காரர்கள் திருதிருவென்று விழித்தார்கள். பத்து நிமிடம் கழித்து அதே கடை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது.

மூன்றாம் முறை கடைக்காரி சொன்னாள்: "ஒரு கண்ணாடி வாங்கிக்குங்க ஐயா. எங்க போனாலும் திரும்ப இங்கதான் வரப் போறீங்க."

டீச்சரம்மா அவள் போட்ட முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். துணி அடைத்த பழைய ஷூவைக் கழற்றினார். கணுக்காலில் தோல் உரிந்திருந்தது. மணி மூன்றே முக்கால்.

"பரவாயில்ல அண்ணா. மேடைக்கு ஏறாம கீழ நின்னே பேசிக்கறேன். முழங்கால் வலின்னு சொல்லிடலாம்."

அப்படி அவர் எளிதாகச் சொன்னதுதான் லிஃப்ட்டுக்காரரை உலுக்கியது. "டீச்சரம்மா, ஒரு உண்மையைச் சொல்றேன். எனக்கு இந்த ஊர்ல ஒரு கடையும் தெரியாது. லிஃப்ட்டுக் கதவு தெரியும். அது திறந்தா என்ன தெரியுமோ, அது தெரியும். அவ்வளவுதான். காலையிலயே சொல்லியிருக்கணும்."

மனைவி வாயைத் திறந்தாள். முப்பது வருஷமாக இந்த வார்த்தைக்காகக் காத்திருந்தவள்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏங்க, அந்தாளைப் பாருங்க!"

ஊன்றுகோலோடு ஒருவர் கூட்டத்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார். ஒரு கால்தான். அதில் பளபளவென்று ஒரு ஷூ.

"அவரு இன்னொண்ணை என்ன பண்ணியிருப்பாரு? ஒண்ணுதானே வாங்கியிருப்பாரு? எங்க வாங்கினாரு?"

"அதெப்படிப் போய்க் கேக்கறது? மனசு புண்படாதா?" என்று லிஃப்ட்டுக்காரர் தயங்குவதற்குள் மனைவி ஓடிப்போய் மறித்துவிட்டாள்.

"ஐயா, ஒத்தைக்காரர் கடை எங்க இருக்கு?"

அவர் நின்றார். மூவரையும், மூவரின் ஆறு கால்களையும் எண்ணுவது போலப் பார்த்தார். "ரெண்டு கால் வெச்சிருக்கிறவங்களுக்கு அங்க என்ன வேலை?"

டீச்சரம்மா முக்காலியிலிருந்தே இடது காலைத் தூக்கிக் காட்டினார். இவ்வளவு நாள் ஒளித்த காலை, நடுச் சந்தையில், முன்பின் தெரியாத ஆளுக்கு.

"ஓ, நீங்களும் நம்ம ஆளுதான்!" என்றார் அவர். ஊன்றுகோலை உயர்த்தி, கண்ணாடிக் கடையின் பக்கத்துச் சந்தைக் காட்டினார். "இதுதான். இங்கேயே உட்கார்ந்துட்டா தேடுனீங்க?"

தார்ப்பாய் நிழலில் இடுப்புயரத்துக்கு ஒரு குவியல். குவியலின் பக்கத்தில் ஒத்தைக்காரர். எல்லாம் இடது கால். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வலது காலோடு மட்டும் ஓடிப்போய்விட்டது மாதிரி இருந்தது.

"பெண்களுக்கு, கறுப்பு, நாலு" என்றாள் மனைவி.

"பொம்பளைங்களுது எல்லாமே நாலுதாம்மா. தேடி எடுங்க."

மூவரும் குனிந்தார்கள். பையிலிருந்த வலது ஷூவை லிஃப்ட்டுக்காரர் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கிளறினார். எடுத்ததையே மறுபடி எடுத்தார். பார்த்த பக்கம் எது, பார்க்காத பக்கம் எது என்று குழம்பினார். இத்தனை மூட்டைகளைத் தன் கையால் இறக்கியிருக்கிறோமே என்ற நினைப்பு வேறு நடுவில் வந்து கணக்கைக் கலைத்தது. மனைவிதான் கடைசியில், ஏறக்குறைய குவியலுக்குள் தலையைவிட்டு, ஒன்றை இழுத்தாள். அதே வார், அதே தையல், அதே கொக்கி.

டீச்சரம்மா போட்டுப் பார்த்தார். கால் விரல்களை உள்ளே அசைத்துப் பார்த்தார். முன்னால் தொட்டது, பின்னால் தொட்டது.

"வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள் மனைவி. வந்தார்கள்.

"இது நீலமில்ல?" என்றாள்.

"கறுப்புதான்" என்றார் லிஃப்ட்டுக்காரர்.

"கருநீலம்."

"தூசு படிஞ்ச கறுப்பு."

ஒத்தைக்காரரை நியாயம் கேட்டார்கள். அவர் நிதானமாக, "ஒத்தையா இருக்கும்போது அது நீலம். அந்த வலதுக்குப் பக்கத்துல வெச்சா கறுப்பு மாதிரி இருக்கு. நிழலுக்குப் போனா வேற" என்றார். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"விடுங்க" என்றார் டீச்சரம்மா. "நாப்பது வருஷமா ஊரே என் நடையைத்தான் பார்த்துச்சு. நாளைக்கும் பார்க்கும். நீலமா கறுப்பான்னு அவங்களே அடிச்சுக்கட்டும்."

கடையில் வாங்கிய ஜோடியில் மிஞ்சிய ஏழாம் நம்பர் இடதை ஒத்தைக்காரர் விலைக்கு ஈடாக வாங்கிக் குவியலின் உச்சியில் வைத்தார்.

டீச்சரம்மா நடந்தார். நாலாவது எட்டில் நேராகப் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டார்.

"அண்ணா, இந்தத் தரை சாய்வா?"

"சமமாத்தான் இருக்கு."

"இல்லையே. வலப்பக்கமா இழுக்குதே."

இன்னொரு தடவை நடந்தார். கழன்றுவிழும் ஷூவைப் பிடித்து நிறுத்துவதற்காக இத்தனை வருஷம் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி நடந்த உடம்பு. இப்போது ஷூ தானே நின்றது. உடம்புக்கு அது தெரியவில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் இல்லாத பாரத்தை இழுத்து, இழுத்த வேகத்தில் கோணிக்கொண்டு போனார். மனைவி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் பஸ் நிலையம் வரும்வரை இரண்டு பேருமாக மூன்று தள்ளுவண்டிகளில் இடித்தார்கள்.

"பழசைவிட மோசமா இருக்கே அண்ணி. நாளைக்கு அஞ்சு படி. விழுந்துட்டா?"

மணி நாலே முக்கால். பஸ் வந்து நின்றிருந்தது. எதிரே, மேம்பாலத்துக்கு ஏறும் சிமெண்டுப் படிக்கட்டு. டீச்சரம்மா பஸ்ஸைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார். பையை லிஃப்ட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுக்குப் போனார்.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து படி ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார். மூன்றாவது முறை ஒரு விரல் மட்டும் கைப்பிடியில். நாலாவது முறை நடுவில் தடுமாறி உட்கார்ந்துவிட்டார். இறங்கி வந்த கூட்டம் அவரைச் சுற்றி வழிந்தது. எழுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். மனைவி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"யாரும்மா அது? வழியை விடும்மா!" என்று கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆள் ஏறணும்."

"எங்க ஆளு?"

"அதோ, ஏறிட்டு இருக்காங்களே."

"அது பாலத்துப் படிம்மா! பஸ் இங்க இருக்கு!"

"தெரியும். முதல்ல அங்க ஏறட்டும்."

கண்டக்டர் லிஃப்ட்டுக்காரரிடம் திரும்பினார். "என்னய்யா நடக்குது? அவங்க மேல போறாங்களா, ஊருக்குப் போறாங்களா?"

லிஃப்ட்டுக்காரருக்கும் அதைச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்கட்டையே பார்த்தார். டீச்சரம்மா இப்போது இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்திருந்தார். கைப்பிடியைத் தொடவில்லை. ஒன்று. இரண்டு. மூன்றில் உடம்பு வலப்பக்கம் கோணியது; நின்றது; நிமிர்ந்தது. நாலு.

"இன்னும் ஒண்ணுதாங்க" என்றார் லிஃப்ட்டுக்காரர் கண்டக்டரிடம். "ஒண்ணே ஒண்ணு."